அந்திக்கு முன் முடியும் பணி

'பிரமாதம்' என்னும் சொல்லை நாம் அன்றாடம் எத்தனை முறை கேட்கிறோம்! பாயசம் சுவையாக அமைந்தால் பிரமாதம் என்கிறோம். பேரப்பிள்ளை மேடையேறித் தடுமாறாமல் பேசிவிட்டால் பிரமாதம் என்று மகிழ்கிறோம். ஆனால் நம் ஆகமங்களில் இச்சொல்லுக்குப் பொருள் வேறு. விழிப்பின்மை, கருத்தின்மை, செய்யத்தக்க நற்செயலில் ஊக்கமின்மை என்பனவே அங்கு அதன் பொருள். வினைகள் உயிரோடு வந்து கட்டுறுவதற்கு உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஐந்து காரணங்களைக் கூறுகிறார். மித்தியாத்துவம், அவிரதி, பிரமாதம், கஷாயம், யோகம் என்னும் அவ்வைந்தின் நடுவில் நிற்பது பிரமாதம். உலக வழக்கில் புகழ்மொழியாகிவிட்ட ஒன்று அறநூலில் குற்றமாக நிற்பதை எண்ணும்போது, நாம் குற்றம் என்று உணராமலேயே பாராட்டிக்கொண்டிருப்பவை வேறு என்னென்ன உளவோ என்று தோன்றுகிறது.

அவற்றுள் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரையில் சிந்திக்க விழைகிறோம். அஃது, செய்ய வேண்டியதை 'நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைக்கும் பழக்கம். தள்ளிவைத்தவை சேரச் சேர நீண்டுகொண்டே போகும் வேலைப் பட்டியல் அதன் உடன்பிறப்பு. இன்று இப்பட்டியல் இல்லாத வீடில்லை. சிலர் நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைக்கிறார்கள். சிலர் கைப்பேசியில் குறித்துக்கொள்கிறார்கள். நம் வயதினர் மனத்திலேயே சுமந்து திரிகிறோம். கேட்டால், 'மூச்சுவிட நேரமில்லை' என்று சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். பிரமாதம் புகழ்மொழியானது இப்படித்தான் போலும்!

சோம்பல் வேறு, காலம் நீட்டித்தல் வேறு

தள்ளிப்போடுவோரைச் சோம்பேறிகள் என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் திருவள்ளுவர் அவ்வாறு செய்யவில்லை. மடியின்மை என்னும் 61ஆம் அதிகாரத்தில், கெட்டழிய இருப்பவர் விரும்பி ஏறும் மரக்கலமாக நான்கு குணங்களை அவர் குறிப்பிடுகிறார். அவற்றுள் 'நெடுநீர்' என்பது காலம் நீட்டித்தல். மறதியும், மடி என்னும் சோம்பலும், துயிலும் ஏனைய மூன்று. சோம்பலைத் தனியே எண்ணியவர் காலம் நீட்டித்தலையும் தனியே எண்ணியிருக்கிறார் என்றால், இரண்டும் ஒன்றல்ல என்பது அவர் கண்ட உண்மை.

ஆசிரியர்களாக இருந்தவர்களுக்கு இவ்வேறுபாடு நன்கு விளங்கும். தேர்வு நெருங்கியதும் படிப்பதற்குக் கால அட்டவணை போடும் மாணவியை நாம் அறிவோம். அட்டைத்தாள் வாங்குவாள், அளவுகோல் வைத்துக் கட்டங்கள் போடுவாள், பாடத்துக்கு ஒரு நிறமாக வண்ணப் பென்சிலால் தீட்டுவாள், சோறு வைத்து ஒட்டிச் சுவரில் மாட்டுவாள். இரண்டு நாள் கழிந்திருக்கும். கணக்குப் புத்தகம் மட்டும் பையைவிட்டு வெளியே வந்திராது. அவளைச் சோம்பேறி என்று எவரேனும் கூற முடியுமா? வீட்டிலேயே மிகுதியாக உழைத்தவள் அவள்தான். செய்ய வேண்டியதைத் தவிர மற்ற அனைத்தையும் செய்தாள்.

இதற்கும் நம் நூல்களில் இடமுண்டு. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பயனின்றிச் செய்யும் தீச்செயல்களாகிய அனர்த்த தண்டத்தை ஐவகையாகப் பிரிக்கிறார். அவற்றுள் ஒன்று பிரமாதசரியை. தேவையின்றி நிலத்தைக் கிளறுதல், நீரை வீணே இறைத்தல், நெருப்பை மூட்டுதல், செடிகொடிகளை ஒடித்தல், காரணமின்றி அலைதல் முதலியன அதன்பாற்படும். இவை யாவும் கைகால்கள் அசைந்து செய்யும் செயல்களே. சும்மா இருத்தல் அன்று. பிரமாதம் என்பது செயலற்றுக் கிடப்பதில் மட்டும் இல்லை, பயனற்ற செயலில் ஓயாது இயங்குவதிலும் இருக்கிறது என்று கண்டவர்கள் நம் முன்னோர்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

பிறரைப் பற்றிக் கூறுவதைக் காட்டிலும் எம் குற்றத்தையே எடுத்துரைப்பது முறை.

அண்மையில் அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது பழைய நாட்குறிப்பேடுகள் சில கிடைத்தன. 1984ஆம் ஆண்டுக் குறிப்பேட்டில் ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு வரி காணப்பட்டது. 'எட்டாம் வகுப்புப் பெண்ணின் தகப்பனாரைப் பார்க்க வேண்டும்' என்பது அவ்வரி. அடுத்த வாரப் பக்கத்திலும் அதே வரி. அதற்கடுத்த வாரத்திலும் அதே வரி, இம்முறை சிவப்பு மையில், அடிக்கோடிட்டு. பிறகு அந்த வரி இல்லை.

அப்போது ஒரு சிற்றூரின் நடுநிலைப் பள்ளியில் பணியாற்றி வந்தோம். எட்டாம் வகுப்போடு அப்பள்ளி முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமாயின் நான்கு கல் தொலைவிலுள்ள ஊருக்குச் செல்ல வேண்டும். நன்றாகப் படித்த பெண் ஒருத்தி கடைசி வேலைநாளன்று எம்மிடம் வந்து நின்றாள். "டீச்சர், அப்பா என்னை நிறுத்திவிடப் போகிறார். நீங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்" என்றாள். "ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் அம்மா, கவலைப்படாதே" என்று கூறி அனுப்பினோம். அவள் முகம் மலர்ந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

முதல் ஞாயிறு விடைத்தாள் கட்டுகள் இருந்தன. ஆனால் அவை வெள்ளிக்கிழமையே முடிந்திருக்க வேண்டியவை. இரண்டாம் ஞாயிறு வடகம் பிழிந்து மாடியில் காய வைத்தோம். மூன்றாம் ஞாயிறு பித்தளைப் பாத்திரங்கள் அனைத்தையும் இறக்கிப் புளியிட்டுத் துலக்கினோம். அவ்வாண்டில் எம் வீட்டுச் செம்புகள் பளபளத்தது போல் என்றும் பளபளத்ததில்லை. அந்தப் பெண்ணின் வீடோ எம் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இருந்தது. பத்து நிமிட நடை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. அவளுடைய மாற்றுச் சான்றிதழை எவரும் வந்து வாங்கவில்லை. விசாரித்தபோது, அத்தையின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளை வேற்றூருக்கு அனுப்பிவிட்டதாகக் கூறினார்கள். சில மாதங்கள் கழித்து அவள் தந்தையைக் கடைவீதியில் கண்டோம். தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தோம். அவர் சினக்கவில்லை. "நீங்களெல்லாம் ஏதாவது சொல்வீர்கள் என்று நினைத்தேன், டீச்சர். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சரி, படிப்பு அவ்வளவுதான் போல என்று விட்டுவிட்டேன்" என்றார்.

அவர் சினந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நாம் சென்றிருந்தால் அவர் கட்டாயம் கேட்டிருப்பார் என்று கூறுவதற்கில்லை. கேளாமலும் போயிருக்கலாம். ஆனால் அந்த ஐயம் நம் குற்றத்தைக் குறைக்கவில்லை. அவர் கேட்பாரா மாட்டாரா என்பது அவர் கையில் இருந்தது. செல்வதும் செல்லாதிருப்பதும் எம் கையில் இருந்தன.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2009ஆம் ஆண்டில், வந்தவாசிப் பேருந்து நிலையத்தில் ஒரு பெண்மணி வந்து வணங்கினார். அவரேதான். மகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்கு அழைத்துச் செல்வதாகக் கூறினார். பேச்சுக்கிடையே சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்த வருஷம் மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசல் தெளித்துக் கோலம் போட்டு, அப்பாவை எங்கேயும் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தேன், டீச்சர். உங்களுக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது!"

நினைவிருக்கிறது என்று சொல்ல நா எழவில்லை. பேருந்து வந்துவிட்டது.

எதற்கு அஞ்சினோம்?

வடகமும் பாத்திரமும் அத்துணை அவசரமான வேலைகளா? இல்லை. அப்படியாயின் பத்து நிமிட நடையை ஏன் தள்ளிவைத்தோம்? நெடுங்காலம் இதனை எண்ணிப் பார்த்ததுண்டு. அம்மனிதர் முன்கோபி என்று ஊரில் பெயர் எடுத்தவர். 'எங்கள் வீட்டு விஷயத்தில் டீச்சருக்கு என்ன வேலை?' என்று வாசலில் வைத்துக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்னும் அச்சம் உள்ளே இருந்தது. ஆசிரியை என்னும் மதிப்புக்கு இழுக்கு வந்துவிடுமோ என்னும் எண்ணம் இருந்தது. குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் இரண்டாவதாகிய மானம்தான் எம் காலைக் கட்டிப்போட்டது. 'நேரமில்லை' என்று எமக்கு நாமே சொல்லிக்கொண்டது மூன்றாவதாகிய மாயை.

பிரமாதத்தின் பதினைந்து வகைகளை எண்ணும்போது விகதைகள் நான்கு, கஷாயங்கள் நான்கு, புலன்கள் ஐந்து, உறக்கம் ஒன்று, பற்று ஒன்று என்று கூறுவது மரபு. உறக்கம் அவற்றுள் ஒன்றே ஒன்றுதான் என்பதை நோக்குக. ஏனையவை யாவும் விழித்திருப்பவர்க்கு உரியவை. வீண்பேச்சும், செருக்கும், புலனின்பமும், பற்றுமே நம்மைத் தாமதிக்கச் செய்கின்றன.

இக்கால உளவியலறிஞரும் ஏறத்தாழ இதனையே கூறுகின்றனர். கனடாவைச் சேர்ந்த ஃபூசியா சிரோயிஸ், திமோதி பிச்சில் என்னும் இருவர் 2013ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், காலம் நீட்டித்தல் என்பது நேரத்தை ஆளத் தெரியாமையைவிட மனநிலையை ஆளத் தெரியாமையே என்று விளக்கினர். ஒரு வேலையை நினைத்தவுடன் அச்சமோ, சலிப்போ, ஐயமோ எழுகிறது. அவ்வேலையைத் தள்ளிவைத்த கணமே அவ்வுணர்வு நீங்கி மனம் இலேசாகிறது. அந்த இலேசுக்காகவே தள்ளிவைக்கிறோம். விலையை நாளைய நம்மிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்கிறோம். எம் செய்தியில் விலை கொடுத்தவள் அந்தப் பெண். அதுதான் வேறுபாடு.

இங்கேதான் இஃது அறம் பற்றிய வினாவாகிறது. பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு செய்வதே ஹிம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. நாம் நீரை வடிகட்டிப் பருகுகிறோம். விளக்கில் பூச்சி விழாமல் காக்கிறோம். எறும்பைக் கண்டு காலைத் தூக்கி வைக்கிறோம். ஆயினும் ஒருவர் நம் சொல்லை நம்பி வாசலில் காத்திருக்க, நாம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தால், அந்த உள்ளம் அடைந்த வருத்தம் யார் கணக்கில் சேரும்? 'வருகிறேன்' என்று கூறி வாராதிருந்தது சத்திய அணுவிரதத்துக்கும் பொருந்தாது அன்றோ?

பட்டியல் ஏன் வளர்கிறது?

ஒரு வேலை தள்ளிப்போவதன் காரணத்தைக் கண்டோம். இனி, பல வேலைகள் சேர்ந்து மலையாவதன் காரணத்தைக் காண்போம்.

முதற்காரணம், காலத்தைக் குறைத்துக் கணக்கிடுதல். கனடா நாட்டு உளவியலறிஞர் சிலர் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று சுவையானது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் அதனை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாம் தவறாகவே நடந்தால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு ஏறத்தாழ 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனதோ 55 நாளுக்கும் மேல்! தீய நேரத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கைக்கூட உண்மை தாண்டிவிட்டது. நாமும் அப்படித்தான். காலையில் பத்து வேலைகளை எழுதுகிறோம். மாலையில் மூன்று முடிந்திருக்கும். எஞ்சிய ஏழும் மறுநாளைய பத்தோடு சேர்ந்து பதினேழாகின்றன.

இரண்டாம் காரணம், 'ஆகட்டும்' என்னும் சொல். முகத்துக்கு நேரே மறுக்க மனமின்றி, கேட்டவர்க்கெல்லாம் ஆகட்டும் என்கிறோம். திருமணத்துக்கு முந்தைய நாளே வருவதாக ஒருவருக்கு, வரன் பார்த்துச் சொல்வதாக ஒருவருக்கு, ஆலயத் திருப்பணிக் கணக்கை எழுதித் தருவதாக ஒருவருக்கு. சொல்லும்போது இனிக்கிறது. நல்லவர் என்னும் பெயர் அப்போதே கிடைத்துவிடுகிறது. வேலை மட்டும் பின்தங்கி நிற்கிறது.

ஆகவே, இப்பட்டியலும் ஒரு பரிக்கிரகமே என்று கூறத் துணிகிறோம். பொன், மணி, நிலம், வீடு, தானியம், ஆடை இவற்றுக்கு அளவு வகுத்துக்கொள்ளுதலே பரிக்கிரக பரிமாணம் என்னும் ஐந்தாம் அணுவிரதம். பொருளைச் சேர்ப்பது போலவே வேலைகளையும் சேர்க்கிறோம். பெட்டியில் அடுக்கிய உடுத்தாத புடவைகளைப் போல் அவை மடிந்து கிடக்கின்றன. எறியவும் மனம் வருவதில்லை, எடுத்து உடுத்தவும் நேரம் வருவதில்லை. பொருளுக்கு அளவு வகுத்த நாம் ஒப்புக்கொள்ளும் வேலைக்கும் அளவு வகுத்தாலன்றி இதற்கு முடிவில்லை.

நம் பெரியோர் இல்லறத்தார்க்கு வகுத்துத் தந்த அன்றாடக் கடமைகளை நோக்குங்கள். தேவபூஜை, குரு உபாசனை, சுவாத்தியாயம், சம்யமம், தவம், தானம் என ஆறு. பன்னூறு ஆண்டுகளாக அவை ஆறாகவே இருக்கின்றன. ஏழாவது ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. இன்று விடுபட்டது நாளை பன்னிரண்டாவதும் இல்லை. நாள்தோறும் புதிதாக ஆறு. வளராத பட்டியல் என்று ஒன்று இருக்க முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அந்தி என்னும் எல்லை

இத்துணைக் காலம் தாழ்த்தும் நம் இல்லங்களில் ஒரு வேலை மட்டும் என்றும் தாமதமாவதில்லை. அது மாலை உணவு. கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்க வேண்டும் என்னும் நோன்பைக் கைக்கொண்ட குடும்பங்களில், கார்த்திகை மாதமாயின் மாலை 5.40 மணியளவிலும், ஆனி மாதமாயின் 6.40 மணியளவிலும் அந்தி வந்துவிடும் என்பதை வீட்டுப் பெண்கள் கடிகாரம் பாராமலேயே அறிவார்கள். விருந்தினர் வந்தாலும், மின்சாரம் நின்றாலும், தலைவலி வந்தாலும் உலை ஏறிவிடுகிறது. 'இன்று சற்றுப் பொறுத்து மறைவாயாக' என்று கதிரவனிடம் கேட்க முடியாதே!

மற்ற வேலைகளில் சோர்ந்துபோகும் அதே கைகள் இதில் மட்டும் சோராதிருப்பது ஏன்? எல்லை உறுதியானது, வேலை ஒருநாள் அளவினது, வீட்டார் பசியோடு காத்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. இம்மூன்றும் அமைந்த வேலை தள்ளிப்போவதில்லை. தள்ளிப்போகும் வேலைகளுக்கு இம்மூன்றும் இருப்பதில்லை. ஆதலின் அவற்றுக்கும் ஓர் அந்தியை நாமே படைத்துக்கொள்ள வேண்டும். எமக்குப் பயன்பட்ட சிலவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது, பட்டியலில் எவ்வேலைக்காக வேறொருவர் காத்திருக்கிறாரோ அதன் அருகே ஒரு புள்ளி வையுங்கள். புள்ளியிட்டவையே அன்றைய நாளின் முதல் வேலைகள். பரண் துப்புரவு காத்திருக்கும்; மனிதர் காத்திருப்பது வேறு.

இரண்டாவது, வேலையை எழுதும்போதே எப்போது, எங்கே, எப்படித் தொடங்குவது என்பதையும் எழுதுங்கள். 'தகப்பனாரைப் பார்க்க வேண்டும்' என்று எழுதியது எம் பிழை. 'ஞாயிறு காலை ஏழு மணிக்கு, ஆலயத்திலிருந்து திரும்பும் வழியில்' என்று எழுதியிருந்தால் கால்கள் தாமே அத்தெருவில் திரும்பியிருக்கும். முடியாத வேலை மனத்தை விட்டு எளிதில் அகல்வதில்லை என்று பெர்லின் நகரில் ஆராய்ந்த புளூமா சைகார்னிக் 1927ஆம் ஆண்டில் எழுதியதை ஆசிரியர் பயிற்சியின்போது படித்தோம். பின்வந்த சோதனைகள் எல்லாம் அதற்கு ஒரே விடை தரவில்லை. ஆயினும் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒரு நல்ல செய்தியைத் தருகிறது. வேலை முடியாவிடினும், அதனை முடிக்கும் வழியைத் தெளிவாக வகுத்துவிட்டாலே, அது மனத்தில் வந்துவந்து உறுத்துவது பெரிதும் குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள்.

மூன்றாவது, நாள்தோறும் படுக்குமுன் ஒரு சிறு கணக்கெடுப்பு. செய்த பிழைகளை எண்ணி வருந்தி மீளும் பிரதிக்கிரமணமும், இனிச் செய்யேன் என்று விலக்கும் பிரத்தியாக்கியானமும் ஆறு ஆவசியகங்களுள் அடங்கியவை. அந்நேரத்தில் செய்யாது விட்ட நன்மையையும் சேர்த்து எண்ணுவோம். ஒரு வரி மூன்று நாள் தொடர்ந்து படியெடுக்கப்படுமாயின், நான்காம் நாள் அதனை மீண்டும் எழுதக் கூடாது. மறுநாள் அந்திக்குள் செய்துவிட வேண்டும். அல்லது உரியவரிடம் சென்று 'என்னால் இயலவில்லை, வேறொருவரைக் கேளுங்கள்' என்று கூறிவிட வேண்டும். அல்லது வேண்டாதது என்று அடித்துவிட வேண்டும். இயலாது என்று காலத்தே கூறுவதும் ஓர் உதவியே. அந்தப் பெண்ணிடம் முதல் நாளே 'எனக்கு அச்சமாக இருக்கிறது, தலைமையாசிரியரைக் கேட்டுப் பார் அம்மா' என்று உண்மையைச் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு வேறொரு வழி திறந்திருக்கக்கூடும்.

தள்ளிப்போடத் தக்கவை

இங்கு ஓர் ஐயம் எழலாம். எல்லாவற்றையும் உடனுக்குடன் செய்ய வேண்டுமா? பொறுமை என்பது நற்குணம் இல்லையா? இல்லத்தில் ஓய்ந்திருக்கும் முதியோரும் ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டுமா?

அன்று. தள்ளிப்போடத் தக்கவையும் உள்ளன. சினத்தில் எழும் சொல்லை நாளைக்குத் தள்ளிவையுங்கள். பெரும்பாலும் நாளை அது தேவைப்படாது. ஆசையால் வாங்க நினைத்த பொருளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்ட பழிச்சொல்லைப் பிறரிடம் கூறுவதை முடிவில்லாமல் தள்ளிவையுங்கள். கஷாயத்தால் தூண்டப்படும் செயலில் தாமதம் அறமாகிறது. கருணையால் தூண்டப்படும் செயலில் தாமதம் குற்றமாகிறது. நாமோ இரண்டையும் மாற்றிச் செய்கிறோம். கோபத்தை உடனே காட்டுகிறோம்; உதவியை நாளைக்கு வைக்கிறோம்.

சாமாயிகத்துக்கு அமரும் ஒரு முகூர்த்தமாகிய 48 நிமிடமும் வேலையைத் தள்ளிப்போடுவது ஆகாது. அந்நேரத்தில் பட்டியலை மறந்து சமநிலையில் இருத்தலே அன்றைய வேலை. பட்டியலைக் காட்டிச் சாமாயிகத்தைத் தள்ளிவைப்பதே பிரமாதம்.

இறுதியாக ஒன்று கூற வேண்டும். 1984க்குப் பின், பணி ஓய்வு பெறும் வரை, ஆண்டுதோறும் எட்டாம் வகுப்பு முடிந்த ஒரு வாரத்துக்குள் படிப்பை நிறுத்தக்கூடும் என்று ஐயமுள்ள பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று வருவதை ஒரு விரதமாகக் கொண்டோம். சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. ஒரு வீட்டில், நாம் எதற்கு அஞ்சினோமோ அதே சொல்லை, 'டீச்சருக்கு இங்கே என்ன வேலை?' என்பதை, வாசலில் வைத்தே கேட்டுவிட்டார்கள். காது சற்றுச் சுட்டது. வீடு திரும்பிக் கை கால் கழுவி, அந்திக்கு முன் உண்டு முடித்தபோது அந்தச் சூடு ஆறிவிட்டிருந்தது. இதற்கா அன்று மூன்று ஞாயிறுகள் அஞ்சிக் கிடந்தோம் என்று வியந்தோம். செய்து பெற்ற இழிவு ஒரு மாலையில் ஆறிவிட்டது. செய்யாது விட்ட வருத்தம் நாற்பது ஆண்டுகளாகியும் ஆறவில்லை.

எழுபதைக் கடந்தவர்க்கு 'நாளை' என்பது பெட்டியில் பூட்டி வைத்த பொன் அன்று. இளையோர்க்கும் அன்று என்பதை யாக்கை நிலையாமை கூறும் நாலடியாரை ஓதியவர் அறிவர். எனவே, இவ்விதழை மூடி வைத்துவிட்டு உங்கள் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முழுவதையும் முடிக்க வேண்டுவதில்லை. யாரோ ஒருவர் எங்கோ வாசல் தெளித்துக் கோலமிட்டுக் காத்திருப்பது அதில் எந்த வரி என்று மட்டும் கண்டுகொள்ளுங்கள். அந்த ஒன்றை இன்று அந்திக்கு முன் முடிப்போமாக.